க்ரைக்கோ (அவசரத்தில் கழுத்தைக் கீறி மூச்சுக்கு வழி திறப்பது): பணிக்காலத்தில் ஓரிரு முறை மட்டுமே வரும் வேலைக்கு எப்படிப் பழகுவது?

டெல்டா_கேஷுவாலிட்டி | திங்கள், அதிகாலை 4:50

மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்தக் கழுத்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நாற்பது வயதுக்காரர். கடைவாய்ப்பல் வலிக்கு ஒரு வாரமாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். எங்களிடம் வந்தபோது தாடைக்குக் கீழே கல் மாதிரி வீக்கம். நாக்கு மேலே தள்ளி நிற்கிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. படுக்க வைத்தால் உடனே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். லட்விக் ஆஞ்சைனா, பல்லிலிருந்து நாக்கின் அடியில் பரவும் தொற்று, புத்தகத்தில் உள்ள படம் அப்படியே. மணி இரவு இரண்டரை. மயக்க மருந்து டாக்டர் வீட்டிலிருந்து வர இருபது நிமிடம் ஆகும். இ.என்.டி. டாக்டர் பக்கத்து ஊர். காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். பத்தாவது நிமிடத்தில் அவர் உதடு நீலமாகத் தொடங்கியது.

மருந்து கொடுத்து வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடப் பார்த்தேன். முடியவில்லை. தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பிளேடை மாற்றி இரண்டாவது முறை. மூன்றாவது முறை பூஜி கேட்டேன், ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய நீளக் குச்சி. பூஜி ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) இருக்கிறது, ஓ.டி. பூட்டியிருக்கிறது. குரல்வளைக்கு மேலே வைக்கும் ஐ-ஜெல் கருவி நுழைய வாயில் இடமே இல்லை. கையால் காற்று செலுத்தும் ஆம்பு பேக்கை அழுத்தினால் மார்பு எழும்பவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 70, பிறகு 58, அப்புறம் எண்ணே காட்டவில்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டர், "சார், கழுத்துல போடலாமா?" என்று கேட்டார். நன்றாகக் காதில் விழுந்தது. "இன்னொரு தடவை பார்த்துடறேன் சிஸ்டர்" என்றேன்.

அந்த இன்னொரு தடவையும் முடியவில்லை. பிறகுதான் கத்தி கேட்டேன். பிளேடு வந்தது, ஹேண்டில் இல்லை. வெறும் பிளேடை விரலில் பிடித்துக் கீறினேன். ரத்தம் பொங்கி எதுவும் தெரியவில்லை. அப்போது ஓடி வந்த மயக்க மருந்து டாக்டர், என் விரலைப் பிடித்து அந்தக் குழியில் வைத்து, இருவருமாகத்தான் ட்யூபை உள்ளே செலுத்தினோம். எத்தனை நிமிடம் ஆனது என்று யாரும் குறிக்கவில்லை. இதயத்துடிப்பு திரும்பியது. அவர் திரும்பவில்லை. ஐ.சி.யூ.வில் கண் திறந்தபடி படுத்திருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளி முடிந்து யூனிபார்மோடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள்.

எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் மூன்று வருடம் படித்தவன் நான். க்ரைக்கோ செய்து பழகியது ஒரே ஒரு பட்டறையில். எனக்கு முன்னால் முப்பது பேர் குத்திய பொம்மை, கழுத்தில் ஓட்டை தெரிந்தது. அதே ஓட்டையில் நானும் குத்தினேன். சான்றிதழ் கொடுத்தார்கள்.

உங்கள் இடத்தில் இதற்கு எப்படிப் பழகுகிறீர்கள்? தயவுசெய்து புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டாம். உண்மையில் நடப்பதை எழுதுங்கள்.

மயக்கவியல்_மதுரை | திங்கள், காலை 7:15

தம்பி, இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். 24 வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறேன். கழுத்தைத் திறந்து ட்யூப் போட்டது இரண்டே முறை. முதல் முறை நானும் உங்களைப் போலவே "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று லாரிங்கோஸ்கோப்பை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் ஆயிரம் பேருக்கு ட்யூப் போட்டால் மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் கழுத்து வழி தேவைப்படுகிறது என்று அமெரிக்கப் பதிவேடுகள் சொல்கின்றன. ஒரு டாக்டருக்கு அது ஐந்து வருடத்தில் ஒருமுறை வரலாம், வராமலே போகலாம். மற்ற வேலைகளை எல்லாம் நோயாளிகள் தினமும் வந்து நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். இதை யாரும் வந்து கற்றுத்தர மாட்டார்கள். நாமே ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

பிரிட்டனில் 2011-ல் வெளியான நாப்-4 அறிக்கையைப் பாருங்கள். ஒரு வருடம் முழுக்க நாட்டின் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் மூச்சுப்பாதையில் நேர்ந்த பெரிய விபத்துகளைத் திரட்டினார்கள். மயக்க மருந்து டாக்டர்கள் அவசரத்தில் கழுத்தில் ஊசிக்குழாய் போட்டபோது சுமார் 60 சதவீதம் தோற்றுப்போனது. கத்தியால் திறந்தவை ஏறக்குறைய எல்லாமே உள்ளே போயின. ஊசி பயம் தராத கருவி, அதனால் கை அதைத் தேடுகிறது. ஆனால் மடங்கிவிடும், நழுவிவிடும். 2015-ல் அங்குள்ள டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி, பெரியவர்களுக்குக் கத்தி, பூஜி, ட்யூப் என்ற ஒரே முறையை எல்லாரும் கற்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஆல் இந்தியா டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷனின் 2016 வழிகாட்டுதல் ஊசி, கத்தி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. என் கருத்து, ஒரு துறை ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து எல்லாரும் அதையே பழக வேண்டும். இரண்டு முறை தெரிந்தவர் அந்த நிமிடத்தில் எது என்று யோசிப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் குறை சொல்ல அல்ல, அடுத்த ஆளுக்காக. லட்விக் கேஸில் முதல் மருந்து போடும் முன்பே கழுத்தைத் தடவிப் பார்த்து, பேனாவால் கோடு போட்டு, கத்தியைத் திறந்து தட்டில் வைத்து, யார் வெட்டுவது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். முடிந்தால் ஆளை மூச்சுவிடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு மேற்கொண்டு பார்க்க வேண்டும். தேவைப்படாமல் போனால் கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம்.

அறுவை_சேலம் | திங்கள், காலை 9:40

வருத்தமாக இருக்கிறது டாக்டர். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். பொம்மையிலும் ஆட்டுத் தொண்டையிலும் பழகினால் கை வராது. உயிருள்ள கழுத்தில் ரத்தம் வரும், வீக்கம் இருக்கும், ஆள் அசைவார். எமர்ஜென்சி பி.ஜி.க்களை (மேற்படிப்பு டாக்டர்களை) இரண்டு மாதம் இ.என்.டி. ஓ.டி.க்கு அனுப்புங்கள். இருபது ட்ரக்கியாஸ்டமியில் (மூச்சுக்குழாயில் துளையிடும் அறுவை) கை கழுவி உதவிக்கு நிற்கட்டும். கழுத்து பழகிய கைக்கு க்ரைக்கோ பெரிய விஷயமே இல்லை. ஒருநாள் பட்டறைகள் கூட்டம் சேர்க்கத்தான் உதவுகின்றன.

லிவர்பூல்_ஷிப்ட் | திங்கள், மாலை 6:20

அறுவை சார் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஒருநாள் பட்டறையை நம்பி யாரும் இருக்கக் கூடாது. ஆனால் கை மட்டும்தான் பிரச்சினை என்பதை ஏற்க முடியவில்லை.

இங்கே பிரிட்டனில் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் எலைன் புரோமிலி என்ற பெண்ணின் கதையைச் சொல்வார்கள். 2005, மார்ச் 29. வயது 37. சைனஸ் அறுவை, அவசரம் ஒன்றும் இல்லை. மயக்க மருந்து கொடுத்த பிறகு காற்று உள்ளே போகவில்லை, ட்யூபும் போகவில்லை. அறையில் அனுபவம் நிறைந்த மூன்று மூத்த டாக்டர்கள், அவர்களில் ஒருவர் இ.என்.டி. அறுவை மருத்துவர். கழுத்து பழகிய கை அந்த அறையிலேயே இருந்தது, சார். ஒரு செவிலியர் ட்ரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து தயாராக இருக்கிறது என்று சொன்னார். டாக்டர்கள் மூவரும் ட்யூப் போடும் முயற்சியிலேயே மூழ்கியிருந்தார்கள். நேரம் போனது தெரியவில்லை. 13 நாட்கள் கழித்து அந்தப் பெண் இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமானத்தில் விபத்து நடந்தால் யாரைத் தண்டிப்பது என்று தொடங்காமல் எப்படி நடந்தது என்று கேட்பார்கள், இங்கேயும் அப்படிக் கேளுங்கள் என்றார். 2007-ல் அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். விமானிகள் என்ஜின் நின்றுபோவதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சந்திக்கிறார்கள். பணிக்காலம் முழுவதும் நிஜத்தில் ஒருமுறைகூட அது வராத விமானிகள்தான் அதிகம். இருந்தும் ஆறு மாதம் தவறுவதில்லை.

டெல்டா டாக்டர், உங்கள் பதிவில் என்னை நிறுத்திய வரி "சார், கழுத்துல போடலாமா?" என்பதுதான். உங்கள் அறையிலும் ஒருவர் சரியான வார்த்தையைச் சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர்_ரெட்ஜோன் | திங்கள், இரவு 10:05

நான் ஸ்டாஃப் நர்ஸ். கேஷுவாலிட்டியில் பதினோரு வருடம். டாக்டர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மேலே இருக்கும் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

நீங்கள் பட்டறை நடத்தும் நாளில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று யாராவது யோசித்ததுண்டா? டாக்டர்கள் ஹாலில் இருப்பதால் கேஸ் எல்லாவற்றையும் நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே என்ன கருவி காட்டினார்கள், என்ன சைஸ் என்று எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம் இரவு இரண்டரை மணிக்கு "சிஸ்டர், கத்தி!" என்று கேட்பீர்கள்.

கத்தி என்றால் எந்தக் கத்தி? 10ஆம் நம்பர் பிளேடு 3ஆம் நம்பர் ஹேண்டிலில்தான் மாட்டும். 4ஆம் நம்பர் ஹேண்டிலில் மாட்டாது, அது 20-க்கு மேல் உள்ள பெரிய பிளேடுகளுக்கு. எங்கள் ட்ராலியில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 4ஆம் நம்பர் ஹேண்டிலும் 10ஆம் நம்பர் பிளேடும்தான் இருந்தன. சீழ் கட்டியைக் கீறும்போது 22ஆம் நம்பர் பிளேடு கேட்பார்கள், ஹேண்டில் அதற்காக வைத்தது. இரண்டையும் சேர்த்து மாட்டிப் பார்க்கும் தேவை யாருக்கும் வரவில்லை. போன வருடம் நானே ஒருநாள் ட்ராலி சரிபார்க்கும்போது மாட்டிப் பார்த்தேன். மாட்டவில்லை. அன்றைக்கே இன்டென்ட் (வாங்கித் தரக் கேட்கும் சீட்டு) போட்டேன். இப்போது ஹேண்டிலோடு ஒட்டியே வரும் டிஸ்போசபிள் கத்தி வாங்கி வைத்திருக்கிறோம். இதை எழுதும்போது உங்கள் விரலில் இருந்த வெறும் பிளேடுதான் ஞாபகம் வருகிறது டாக்டர். அது உங்கள் தவறு மட்டும் இல்லை.

இன்னொரு விஷயம். அந்த சிஸ்டர் கேள்வியாகத்தானே கேட்டார்? எங்களால் அப்படித்தான் கேட்க முடியும். "போடலாமா" என்று கேட்டால் மரியாதை. "போடுங்க சார், மூச்சு போகலை" என்று சொன்னால் மறுநாள் மேட்ரனிடம் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வார்த்தையைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று நீங்கள் முன்னாடியே, எல்லார் முன்னாலும் சொல்லி வைக்க வேண்டும். நடுவில் யாராலும் தர முடியாத அனுமதி அது.

டெல்டா_கேஷுவாலிட்டி | திங்கள், இரவு 10:31

சிஸ்டர், நன்றி. நாளைக்கு முதல் வேலையாக எங்கள் ட்ராலியில் மாட்டிப் பார்க்கிறேன்.

யாழ்_வைத்தியர் | செவ்வாய், காலை 6:30

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வைத்தியசாலையில் பொம்மைக்குக் காசில்லை. ஆடுதான். மூன்று வருடமாக மாதம் ஒருக்கால் செய்கிறோம். அறுவை டொக்டர் ஆட்டை நம்பவில்லைப் போல, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இறைச்சிக்கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேணும். அறுக்கும்போது வெட்டு குரல்வளைக்குக் கீழே விழும், குரல்வளை தலையோடு போய்விடும். வெறும் குழாயை வாங்கி வந்தால் எங்களுக்குத் தேவையான இடமே அதில் இராது. தலையோடு கேட்டு வாங்கி, நாங்களே பிரித்தெடுப்போம். சின்ன ஆட்டின் குரல்வளையில் 6ஆம் நம்பர் குழாய் போகாது. பெரிய கடாவாகப் பார்க்க வேணும், இல்லாவிட்டால் சின்னக் குழாயால் பழக வேணும்.

குரல்வளையை மட்டும் மேசையில் வைத்து வெட்டினால் அறுவை டொக்டர் சொல்வது சரி, அது விளையாட்டு. நாங்கள் அதை ஒரு பலகையில் கட்டி, மேலே மெல்லிய ஸ்பொஞ்சு வைத்து, அதற்கு மேல் கோழித்தோலை இழுத்துப் பொருத்துவோம். ஸ்பொஞ்சுக்கும் தோலுக்கும் நடுவில் சேலைன் லைன் ஒன்று. சேலைன் போத்தலில் பீட்றூட் தண்ணீர். கத்தி பட்டதும் ஒருவர் போத்தலைப் பிழிவார். ஒரு நொடியில் எல்லாம் சிவப்பு. எதுவும் தெரியாது. அப்போதுதான் பழகுபவருக்கு விளங்கும், இது கண்ணால் செய்யும் வேலை இல்லை, விரலால் செய்வது என்று. முதல் தரம் எல்லாரும் பஞ்சு கேட்பார்கள். துடைத்துப் பார்க்க. துடைக்கிற நேரத்தில் ஆள் போய்விடும். விரலை உள்ளே விட்டால் அந்தக் குழி தட்டுப்படும். ஒருக்கால் தட்டுப்பட்டுவிட்டால் அந்த விரலுக்கு மறக்காது.

எத்தனை தரம் போதும்? 2003-ல் அனஸ்தீசியாலஜி இதழில் வந்த ஆய்வில் நூறு பேருக்கு மேல் ஆளுக்குப் பத்துத் தரம் பொம்மையில் செய்து பார்த்தார்கள். ஐந்தாம் தரத்துக்குள் பெரும்பாலானோர் 40 செக்கனுக்குள் முடித்தார்கள், அதன்பிறகு பெரிய முன்னேற்றம் இல்லை. அதனால் நாங்கள் ஐந்து என்று வைத்திருக்கிறோம். ஆனால் ஐந்து செய்தவர் அடுத்த வருடம் வரைக்கும் வைத்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். மூன்று, ஆறு மாதத்தில் கை மறக்கத் தொடங்கும். கூப்பிட்டு இன்னொரு தரம் செய்விக்க வேணும்.

தாதியரும் வெட்டுகிறார்கள் எங்களிடம். நிஜத்தில் அவர்கள் வெட்டப் போவதில்லை. ஆனால் வெட்டிப் பார்த்த தாதிக்கு அடுத்து என்ன சாமான் கைக்கு வர வேணும் என்று சொல்லாமலே தெரியும்.

சிஆர்ஆர்ஐ_2ஆம்மாதம் | செவ்வாய், காலை 8:12

சார், மேடம், ஒரு சின்ன சந்தேகம். ஆண்கள் கழுத்தில் அந்த இடம் கிடைத்துவிடுகிறது. பெண்கள் கழுத்தில், குண்டான கழுத்தில் எனக்கு எப்போதுமே தவறுகிறது. வெட்டும் முறையையும் யாராவது ஒருமுறை வரிசையாகச் சொல்ல முடியுமா?

மயக்கவியல்_மதுரை | செவ்வாய், மதியம் 2:40

உங்களுக்கு மட்டும் தவறவில்லை. பெண்களின் கழுத்தில் அந்த இடத்துச் சவ்வைத் (க்ரைக்கோவில் திறப்பது அதைத்தான்) தொட்டுக் காட்டச் சொன்னால் அனுபவமுள்ள மயக்க மருந்து டாக்டர்களே பாதிக்கு மேல் தவறாகக் காட்டியதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆண்களுக்குக் குரல்வளை துருத்திக்கொண்டு நிற்கும், பெண்களுக்கு நிற்காது. அதனால் மேலிருந்து கீழே ஒற்றை விரலால் தேடாதீர்கள். கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு பக்கமும் இருக்க, குரல்வளை முழுவதையும் கைக்குள் பிடித்து இப்படியும் அப்படியும் அசையுங்கள். கூண்டு மாதிரி கையில் அகப்படும். பிடித்தபடியே கீழே வழுக்கி வாருங்கள். தைராய்டு குருத்தெலும்பு முடிந்து கிரைகாய்டு குருத்தெலும்பு தொடங்கும் இடைவெளியில் ஆள்காட்டி விரல் அமரும். பெரியவர்களுக்குச் சுமார் ஒரு செ.மீ. உயரம்தான்.

எங்கள் பி.ஜி.க்களுக்கு நான் வைத்திருக்கும் விதி: ஓ.டி.க்கு வரும் ஒவ்வொருவர் கழுத்தையும், எளிதான கேஸாக இருந்தாலும், மயக்கத்துக்கு முன் சொல்லிவிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட் வைத்து நாம் தொட்ட இடம் சரியா என்று பார்க்கலாம். வருடத்துக்கு ஐந்நூறு கழுத்து. இதற்குப் பட்டறை வேண்டாம், காசு வேண்டாம்.

வெட்டும் முறை: சவ்வின் மேல் குறுக்காகக் குத்துங்கள், தோலும் சவ்வும் ஒரே குத்தில். கத்தியை வெளியே எடுக்கக் கூடாது. அப்படியே கால் பக்கம் கூர் திரும்பும்படி 90 டிகிரி திருப்பி உங்கள் பக்கம் லேசாக இழுத்தால் வழி திறக்கும். கத்தியை ஒட்டியே பூஜியின் வளைந்த முனையை உள்ளே விடுங்கள், பிறகு கத்தியை எடுங்கள். பூஜி மேல் ஜெல் தடவிய 6ஆம் நம்பர் கஃப் (ஊதும் பை) உள்ள ட்யூப். கஃபை ஊதி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராபில் அலை வருகிறதா என்று பாருங்கள். கழுத்தில் எதுவுமே தட்டுப்படவில்லை என்றால் நடுவில் நீளவாக்கில் 8 முதல் 10 செ.மீ. கீறி, விரலால் பிளந்து குரல்வளையைத் தேடிப் பிடித்து, பிறகு இதையே செய்ய வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இது பொருந்தாது, அது தனிப்பாடம்.

இதை மனப்பாடம் செய்துவிட்டு யாழ் டாக்டர் சொன்ன பீட்ரூட் தண்ணீரில் செய்து பாருங்கள்.

108_பைலட்_பக்கத்துசீட் | செவ்வாய், மாலை 5:00

நான் 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி., வண்டியில் முதலுதவி செய்பவன். எங்களுக்குக் கழுத்தில் கத்தி வைக்க அனுமதி இல்லை, அது சரியும்கூட. ஆனால் முகம் நசுங்கிய பைக் விபத்து, தீயில் முகம் வெந்தவர், நாக்கு வீங்கியவர் என்றால் வண்டியிலிருந்தே போன் செய்கிறோம். "வாங்க பார்த்துக்கலாம்" என்பார்கள். போய் இறங்கினால் எதுவும் தயாராக இருக்காது. அந்த போனுக்குப் பிறகு உங்கள் பக்கம் என்ன நடக்க வேண்டும் என்பதையும் பயிற்சியில் சேருங்கள். எங்களைக் கூப்பிட்டால் வருவோம்.

அறுவை_சேலம் | செவ்வாய், இரவு 9:30

எல்லாவற்றையும் படித்தேன். ஆட்டைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், ரத்தம் பொங்கும் ஏற்பாடு எனக்குத் தோன்றாதது. ஓ.டி.யில் இருபது நிமிடத்தில் விளக்கும், ரத்தத்தைச் சுட்டு நிறுத்தும் காட்டரியும் வைத்துச் செய்யும் ட்ரக்கியாஸ்டமியும் இதுவும் ஒன்றல்ல என்பதும் சரி. ஆனாலும் பி.ஜி.க்களை அனுப்புங்கள். திசு எப்படி விலகும் என்பதை ஆடு சொல்லித் தராது.

நான் பேச நினைத்தது வேறு ஒன்று. கை ஏன் நிற்கிறது? வெளியே நோயாளியோடு வந்த முப்பது அட்டெண்டர்கள் நிற்கிறார்கள். நல்லபடியாகப் பேசிக்கொண்டு நடந்து வந்த ஆள். உள்ளே போனவர் கழுத்தறுபட்ட நிலையில் இறந்தால் என்ன சொல்வது? ட்யூப் போடும் முயற்சியில் இறந்தால் "எவ்வளவோ பார்த்தாங்க" என்பார்கள். கத்தி வைத்து இறந்தால் "அறுத்துட்டாங்க" என்பார்கள். இந்தப் பயம் நம் ஊர் டாக்டர் ஒவ்வொருவர் மனதிலும் இருக்கிறது. அதைப் பற்றிப் பயிற்சியில் யாரும் வாய் திறப்பதில்லை.

மயக்கவியல்_மதுரை | செவ்வாய், இரவு 10:10

சார், இதைச் சொன்னதற்கு உங்களுக்குப் பெரிய நன்றி.

சட்டத்தைப் பொறுத்தவரை, உயிரைக் காப்பதுதான் டாக்டரின் முதல் கடமை என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்புதல் பற்றி விரிவாகப் பேசிய 2008 சமீரா கோலி தீர்ப்பும், உயிர் காக்க உடனே செய்தாக வேண்டியதற்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்த நேரத்தில் தீர்ப்பு வந்து பக்கத்தில் நிற்காது, தெரியும்.

நான் செய்வது இது. மருந்து கொடுப்பதற்கு முன், முப்பது வினாடி கிடைத்தாலும், நெருங்கிய ஒருவரை உள்ளே கூப்பிட்டு, கழுத்தில் போட்ட கோட்டைக் காட்டிச் சொல்வேன்: "வாய் வழியா குழாய் போடப் பார்க்கிறோம். போகலைன்னா இந்த இடத்துல சின்னதா வழி திறந்து மூச்சு கொடுப்போம். அது இல்லைன்னா பிழைக்க மாட்டார்." இதை ஐந்து வருடமாகச் சொல்கிறேன். ஒருவர்கூட வேண்டாம் என்றதில்லை. இந்த மூன்று வாக்கியத்தையும் பி.ஜி.க்கள் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். முதல் முறை நாக்கு புரளாது.

மகப்பேறு_திருச்சி | புதன், காலை 11:20

கழுத்தை விட்டு வேறு ஒன்று சொல்லலாமா? கர்ப்பிணிக்கு இதயம் நின்றால். கர்ப்பப்பை தொப்புள் அளவுக்கு வந்துவிட்டால் அது பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும், நாம் மார்பை அழுத்துவது பலன் தராது. ஒருவர் வயிற்றை இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் துடிப்பு வராவிட்டால் கீறத் தொடங்கி ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்க வேண்டும். 1986-லிருந்து சொல்லப்படும் கணக்கு. குழந்தைக்காக மட்டும் இல்லை, தாயின் இதயம் திரும்புவதற்கும் இதுதான் வழி. ஆனால் என்ன நடக்கிறது? ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு லேபர் தியேட்டருக்கு ஓடுகிறார்கள். லிஃப்டுக்குள் நான்கு நிமிடம் போய்விடுகிறது. எங்கே படுத்திருக்கிறாரோ அங்கேயே, கையில் இருக்கும் கத்தியால். சுத்தம், துணி, விளக்கு எல்லாம் பிறகு.

இதையும் உங்கள் பெட்டியில், உங்கள் ஒத்திகையில் சேருங்கள்.

லிவர்பூல்_ஷிப்ட் | புதன், இரவு 8:45

மேடம் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். லண்டனில் ஹெலிகாப்டர் மருத்துவக் குழு, கத்திக்குத்தில் இதயம் நின்றவர்களுக்குச் சாலையிலேயே மார்பைத் திறக்கிறது. 2011-ல் வெளியான அவர்களுடைய பதிவில் 71 பேரில் 13 பேர் பிழைத்தார்கள். நம்ப முடியாத கணக்கு. அதைப் படித்துவிட்டு நம் ஊர் இளம் டாக்டர்கள் மார்பைத் திறக்கக் கற்றுக்கொடுங்கள் என்கிறார்கள். அவர்களிடம் ஒரே மாதிரி வெட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய கருவிகள், திரும்பத் திரும்ப ஒத்திகை, பின்னால் தயாராக நிற்கும் மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. திறந்த பிறகு அனுப்ப இடம் இல்லாவிட்டால் திறந்து பயன் இல்லை. உங்கள் கதவு வழியாக வரக்கூடியதை முதலில் எடுங்கள். டெல்டாவில் அது கழுத்து, அடுத்தது கர்ப்பிணி.

டெல்டா_கேஷுவாலிட்டி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:15

இழையை மறக்கவில்லை. செய்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

சிஸ்டர்_ரெட்ஜோன், எங்கள் ட்ராலியிலும் 4ஆம் நம்பர் ஹேண்டில்தான் இருந்தது. அடியில், பஞ்சுக்குக் கீழே. அன்றிரவு கையில் கிடைத்திருந்தாலும் பிளேடு மாட்டியிருக்காது.

இப்போது ரெட் ஏரியா (மிக அவசரமான கேஸ்களைப் பார்க்கும் இடம்) சுவரில், மானிட்டருக்குப் பக்கத்தில், ஒரு டிபன் பாக்ஸ் அளவு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு டிஸ்போசபிள் 10ஆம் நம்பர் கத்தி, ஒரு 6ஆம் நம்பர் ட்யூப், கஃப் ஊத 10 மில்லி சிரிஞ்சு, ஜெல் பாக்கெட், கட்டும் நாடா. வேறு எதுவும் இல்லை. பூஜி நீளம் பெட்டியில் அடங்கவில்லை, மடக்கினால் வளைந்துவிடும் என்பதால் பெட்டிக்கு வெளியே பி.வி.சி. குழாய் ஒன்றை ஆணியடித்து அதில் நிறுத்தியிருக்கிறோம். பெட்டிக்குப் பூட்டு இல்லை. நூல் சீல் மட்டும், இழுத்தால் அறும். சீல் அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதல் ஒத்திகையை யாருக்கும் சொல்லாமல் நடத்தினோம். ஆட்டுக் குரல்வளை, கோழித்தோல், பீட்ரூட் தண்ணீர், எல்லாம் யாழ் டாக்டர் சொன்னபடியே. நான்கு நிமிடம் பத்து வினாடி ஆனது. வெட்டியது இருபத்தைந்து வினாடியில். மிச்சம் மூன்றே முக்கால் நிமிடம், எல்லாரும் எதற்காகவோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மானிட்டரில் 60 என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன், அதைப் பார்த்தும் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அதன்பிறகு ஒரு வாக்கியத்தை முடிவு செய்தோம். "காத்து போகலை, கழுத்தைத் திறக்கணும்." அறையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆம்பு பேக் பிடித்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்கூட. சொன்னால் ட்யூப் போடுபவர் முயற்சியை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்காமல் கத்திக்குக் கை நீட்ட வேண்டும். இதைத் துறைத் தலைவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு நர்சிங் அறையில் ஒட்டச் சொன்னார். அன்றிரவு என்னோடு இருந்த சிஸ்டர்தான் அந்த வாக்கியத்தை முதலில் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. எனக்கும் அங்கே நிற்க முடியவில்லை. அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானும் இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும் சார்" என்றார்.

நான்காவது ஒத்திகையில், வாக்கியம் காதில் விழுந்ததிலிருந்து ட்யூப் கட்டும் வரை 55 வினாடி.

அவரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கழுத்துக் குழாயோடு மூச்சுவிடுகிறார். மகள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் அந்தப் பக்கம் திரும்புகிறது. பிசியோதெரபிக்காரர் தினம் வருகிறார். டூட்டி முடிந்து நானும் ஒரு பத்து நிமிடம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

சிஸ்டர்_ரெட்ஜோன் | ஞாயிறு, இரவு 7:50

நல்லது டாக்டர். பூஜியின் கவரில் எக்ஸ்பைரி பார்த்து வையுங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் நைட் ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் முடித்துவிட்டார்களா?

டெல்டா_கேஷுவாலிட்டி | ஞாயிறு, இரவு 8:02

மூன்று பேர் பாக்கி சிஸ்டர். வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் மூவரும் ஒரே ஷிப்டில் வருகிறார்கள். கறிக்கடையில் இரண்டு கடாத்தலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.